வருஷத்துக்கு ரெண்டு வரவு, தினம் தினம் செலவு

வேப்பந்தட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேள்வி பகுதிக்கு எழுதிய அஞ்சலட்டையை ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்தார். கேள்வி இதுதான்: ‘சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும், சம்பளம் வந்தவுடன் பத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள் என்கிறார்கள். எங்களுக்குச் சம்பளமே கிடையாது. தை மாசம் வெங்காயம் வித்தால் பணம், மாசியில் மக்காச்சோளம் வித்தால் பணம். மிச்சம் பத்து மாசம் எதிலிருந்து எடுத்து வைப்பது?’ அட்டையின் ஓரத்தில் இடம் பத்தாமல் பொடி எழுத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

“நீங்களும் அந்தப் பக்கத்து சம்சாரிதானே, நீங்களே எழுதிடுங்க” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம். எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் மரச்சிற்பத்தை வைத்துத்தான் தெரிந்து வைத்திருப்பார்கள். அதற்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் என்னைப் போலத்தான். ரெண்டரை ஏக்கர். அதில் ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம், சின்ன வெங்காயம். மிச்சம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி, மக்காச்சோளம். ஒரு கலப்பினப் பசு. வீட்டில் அம்மா, மனைவி, மகள், மகன், நான் என்று ஐந்து பேர்.

சிக்கனத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. நாலு வருஷத்துக்கு முந்தி நான் ஒரு சிக்கனம் செய்தேன். அதில் என் மனைவி வயலில் மயங்கி விழுந்தாள்.

மிச்சம் 3,000 ரூபாய்

அந்த வருஷம் ஐப்பசியில் வெங்காயம் ஊன்றினேன். விதை வெங்காயம் 600 கிலோ, கிலோ 50 என்று 30,000 ரூபாய். உழவு, பாத்தி 7,000. உரம், மருந்து 18,000. நடவு, ரெண்டு களை, அறுவடை, தாள் அறுப்பு எல்லாக் கூலியும் சேர்த்து 32,000. ஆக 87,000. விதைக்கான பணம் மண்டிக்காரர் கொடுத்த முன்பணம். கூலிக்கு ஊரில் ஒருவரிடம் மூணு வட்டிக்கு 50,000 வாங்கியிருந்தேன். உரக்கடையில் கடன். மழை அதிகமாகிக் கோழிக்கால் நோய் கொஞ்சம் தட்டினாலும் 5,000 கிலோ தேறியது. குறை சொல்ல முடியாத விளைச்சல்தான்.

விற்ற அன்றைக்கு மண்டியில் கிலோ 20. எனக்கு 18. முன்பணம் வாங்கியவனுக்கு ரெண்டு ரூபாய் குறைவு என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. 90,000 வந்தது. மிச்சம் 3,000. அந்த 3,000-க்குள்தான் வட்டி கட்ட வேண்டும், வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும்.

உடனே எனக்கு ஞாபகம் வந்தது அடுப்படி. எல்லா ஆண்களுக்கும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் அரை லிட்டர் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றச் சொன்னேன். அப்போது லிட்டர் 32 ரூபாய். மாதம் 480. கோழி முட்டையை வீட்டில் தொடக்கூடாது, விற்க வேண்டும் என்றேன். மாதம் 600. பருப்பைக் குறைத்தோம். மாதம் 250. மொத்தம் 1,330 ரூபாய். ஆறு மாதத்தில் 7,980 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று டீக்கடையில் சொல்லியும் இருக்கிறேன். ஆமாம், டீக்கடையில்.

ஆடி மாசம் களை வெட்டும்போது அவள் விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். டாக்டர் அம்மா, “வீட்டுல என்னம்மா சாப்பிடுறே?” என்று கேட்டார். “எல்லாந்தான் சாப்பிடுறேன்” என்றாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் இடையில் புகுந்து, “இல்லீங்க டாக்டர், அம்மா காலையில பழைய சோறு, மத்தியானம் ரசம், ராத்திரி எங்களுக்குப் போட்டுட்டு இருந்தா சாப்பிடும்” என்றாள். அந்த அறையில் நான் எங்கே பார்த்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

மருந்து, ஊசி எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் 45 நாள் அவள் வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் செய்கிற வேலைக்கு ஆள் விட்டேன். நாள் கூலி 250. 45 நாளைக்கு 11,250. மிச்சம் பிடித்தது 7,980. நஷ்டம் 3,270 ரூபாய், அதுவும் பணத்தில் மட்டும்.

இது என் வீட்டு அதிசயம் இல்லை. 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வீட்டில் பணம் குறைந்தால் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. அது யாருக்கும் தெரியாமல் குறையும், ஏனென்றால் அவள்தான் கடைசியில் சாப்பிடுகிறாள்.

மகள் எழுதிய நோட்டு

படுத்திருந்த அந்த நாட்களில்தான் என் மனைவி, “எங்க போவுது பணம்னு ஒரு தடவையாவது எழுதிப் பாருங்களேன்” என்றாள். மகள் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு போட்டாள். உரக்கடைச் சீட்டு, மண்டிச் சீட்டு, மளிகைக் கடை நோட்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, முந்தின ஒரு வருஷத்தை மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினோம். சீட்டு இல்லாததை நினைவிலிருந்து எழுதினோம்.

மூணு வட்டிக்கு வாங்கிய 50,000-க்கு மாதம் 1,500. வருஷத்துக்கு 18,000. நூற்றுக்கு மூணு ரூபாய் என்று காதில் விழும்போது சின்னதாகத் தெரிகிறது. அது வருஷத்துக்கு 36 சதவீதம். முன்பணம் வாங்கியதால் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைந்தது, 5,000 கிலோவுக்கு 10,000. உரக்கடையில் ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் வித்தியாசம், மூட்டைக்கும் பாட்டிலுக்கும் கூட்டிப் பார்த்ததில் 3,600. மளிகைக் கடையிலும் அப்படித்தான், கிலோவுக்கு ரெண்டு, மூணு ரூபாய் கூட. வருஷத்துக்கு 2,400. நாலையும் கூட்டி மகள் அடியில் ரெண்டு கோடு போட்டாள். 34,000 ரூபாய்.

அந்த 34,000-க்கு நாங்கள் ஒரு கைப்பிடி அரிசி வாங்கவில்லை. ஒரு துணி எடுக்கவில்லை. காசு கையில் இல்லாத நாளில் பொருள் வாங்கியதற்கு மட்டும் கொடுத்த விலை அது. அடுப்படியில் வருஷம் பூராவும் வயிற்றைக் கட்டியிருந்தாலும் 15,960 தான் மிஞ்சியிருக்கும். இதில் பாதிகூட இல்லை.

அஞ்சலட்டை எழுதிய சகோதரிக்கு இங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது. நபார்டு வங்கி 2021–22-க்கு எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 12,698 ரூபாய், செலவு 11,262 ரூபாய் என்று வந்தது. காகிதத்தில் பார்த்தால் மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. ஆனால் சம்சாரிக்கு அந்த வருமானம் மாதா மாதமா வருகிறது? வருஷக் கணக்கில் மிஞ்சுகிற குடும்பம்கூட ஆவணியில் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். நம் வீட்டுக் குறை அதிகச் செலவு என்பதைவிட, செலவு முந்தியும் வரவு பிந்தியும் வருகிறது என்பதுதான். அந்த இடைவெளியை யார் பணத்தில் தாண்டுகிறோம், எத்தனை வட்டிக்குத் தாண்டுகிறோம் என்று பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

ஊரில் மரச்சிற்பம் செய்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “எங்களுக்கும் இதே பாடுதான். மரம் இன்னைக்கு வாங்கணும், கூலி வாராவாரம் கொடுக்கணும், சாமி வாகனம் முடிச்சு கோயில்ல எறக்குற அன்னைக்குத்தான் முழுப் பணம்” என்றார். ஆர்டருக்கு வருகிற முன்பணத்தில் மரத்துக்குப் போக ஒரு ரூபாய் எடுத்தாலும் அந்த வேலை கடனில்தான் முடியும் என்பது அவர் அனுபவம்.

நோட்டில் இன்னொரு வரியும் இருந்தது. அதை மகள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். எனக்கு டீ, வடை, போண்டா, கூட வந்தவர்களுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 ரூபாய். வருஷத்துக்கு 14,600. அடுப்படியில் நான் பிடித்த மிச்சத்தை நானே தெருமுனையில் குடித்து முடித்திருக்கிறேன். 2023–24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது ஒரு சின்ன ஆறுதல். கிராமத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் டீ, காபி, தின்பண்டம், பாக்கெட் பலகாரம் இவற்றுக்குப் போவது கிட்டத்தட்ட 10 சதவீதம். அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்குப் போவது 5 சதவீதம் அளவுக்குத்தான். நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

கூட்டுறவுக் கடன்

முதலில் மண்டி முன்பணத்தை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்குக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு என்றால் 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், சொன்ன தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளி 4 சதவீதம். இது எனக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் மூணு வட்டிக்குத்தான் போனேன். ஏன் என்றால், மூணு வட்டிக்காரர் ராத்திரி எட்டு மணிக்கும் கொடுப்பார். சங்கத்துக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், குடும்ப அட்டை, போட்டோ என்று எடுத்துக்கொண்டு பகலில் போக வேண்டும், கூலியை விட்டுவிட்டு.

எந்த ஊர்ச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை. ஏழு வாரம் அலைந்தேன். ஒரு தடவை அடங்கல் போன பருவத்தினுடையது என்றார்கள். ஒரு தடவை பட்டாவில் என் அண்ணன் பெயரும் இருக்கிறது, அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஒரு தடவை ஆளே இல்லை. அலைச்சலில் எனக்குப் போன நாள் ஒன்பது. ஆனால் அந்த ஒன்பது நாள்தான் வருஷம் 10,000 ரூபாய் முன்பணத் தண்டத்தை நிறுத்தியது. புரட்டாசியில் பணம் வேண்டுமென்றால் ஆடியிலேயே காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதுதான் நான் கற்றது. மழை வந்த பிறகு ஓடினால் மறுபடி மூணு வட்டிதான்.

ஒரு விஷயத்தைக் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. அதில் பயனடைந்தவர்கள் உண்டு, நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு, அடுத்த தள்ளுபடி வரும் என்று கட்டாமல் காத்திருப்பவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். தேதி தாண்டினால் வட்டியில்லாக் கடன் வட்டிக் கடனாகிவிடும். அடுத்த பருவத்துக்குப் புதுக்கடனும் கிடைக்காது. அப்போது மறுபடி மண்டி முன்பணம்.

பழைய 50,000-ஐ எப்படி அடைத்தோம் என்று கேட்பீர்கள். அடுத்த மாசியில் மக்காச்சோளம் 33 குவிண்டால், குவிண்டால் 2,000-க்குப் போனது. 66,000 வந்ததில் முதல் வேலையாக 30,000-ஐக் கட்டினோம். மிச்சம் 20,000-க்கு மனைவியின் சங்கிலியை வங்கியில் வைத்தோம், 9 சதவீதம். வருஷ வட்டி 1,800. மூணு வட்டியில் அதே 20,000-க்கு 7,200 கட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில் கிடந்தால் சங்கிலி, பெட்டியில் கிடந்தால் பணம் என்று அவளே கழற்றிக் கொடுத்தாள். திருப்பிக் கழுத்தில் போட ஒன்றேகால் வருஷம் ஆனது.

மகளிர் குழுவிலும் நுண்கடன் நிறுவனங்களிலும் வாரத் தவணைக்கு வாங்கியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. கொடுக்க வருகிறவர் உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதிக்கொண்டால், அது உங்கள் நல்லதுக்கு இல்லை.

பட்டறை கொடுத்த 2,900

வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து விலை ஏறினால் விற்க வேண்டும் என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லாரும் சொல்லும் யோசனை. நானும் போட்டேன். கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, தென்னங்கீற்று வேய்ந்து 11,000 ரூபாய் ஆனது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தாள் காய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் உலர்த்தித்தான் ஏற்றினேன். யூரியாவைக் கூட்டிப் போட்ட வெங்காயம் பட்டறையில் நிற்காது, முதலில் அழுகுவது அதுதான்.

அறுவடையில் பாதியை உடனே விற்றுக் கடனைக் கட்டுவது, பாதியைப் பட்டறையில் வைப்பது என்று ஏற்பாடு. மூன்று வருஷமும் விளைச்சல் 4,800 கிலோவை ஒட்டித்தான். பட்டறைக்கு 2,400. அதில் எடை இழப்பும் அழுகலுமாக 400 கிலோ போய்விடும். விதைக்கு 100 எடுத்துவிட்டால் விற்க 1,900. முதல் வருஷம் அறுவடையின்போது 28, பிறகு 45-க்கு விற்றேன். உடனே விற்றிருந்தால் 67,200, வைத்து விற்றதில் 85,500. லாபம் 18,300. ரெண்டாவது வருஷம் 30 இருந்தது 26-க்கு இறங்கிவிட்டது. 22,600 நஷ்டம். மூன்றாவது வருஷம் 32 இருந்தது 50 ஆனது. 18,200 லாபம். மூன்றையும் கூட்டி, பட்டறைச் செலவைக் கழித்தால் எனக்கு நின்றது 2,900 ரூபாய். பட்டறை போட்டவனெல்லாம் பணக்காரன் ஆகிவிட்டான் என்று பேசுகிறவர்கள் ரெண்டாவது வருஷத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முழுவதையும் ஏற்றியிருந்தால் ரெண்டாவது வருஷமே நான் மறுபடி மூணு வட்டி வாசலில் நின்றிருப்பேன்.

பெரிய அளவில் போட நினைப்பவர்கள் தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள். வெங்காயச் சேமிப்புக் கிடங்குக்குப் பாதி மானியம் உண்டு. கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது, முன்பே பதிய வேண்டும்.

எனக்கு உண்மையில் பணம் மிஞ்சியது விதையில்தான். தை வெங்காயத்தை ஐப்பசி வரைக்கும் விதைக்கு வைத்திருக்க முடியாது. பாதி முளைத்துவிடும், பாதி பொக்காகிவிடும். அதனால் அந்த 100 கிலோவை வைகாசியில், கிணற்றில் தண்ணீர் இருக்கிற அளவுக்கு, 15 சென்டில் ஊன்றுகிறேன். ஆடி கடைசியில் எடுத்து, தாளோடு கட்டித் தொங்கவிட்டால் ஐப்பசிக்கு 600 கிலோ விதை தயார். செலவு 9,000 ரூபாய் ஆகிறது. வாங்கினால் 30,000. ஒரு வருஷம் தண்ணீர் இல்லாமல் போனபோது கோ 5 ரகத்தை நாற்று விட்டு அரை ஏக்கர் நட்டுப் பார்த்தேன். அது விதையிலிருந்து வருவது, ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். ஆனால் நாற்றங்கால் வேலை அதிகம், நாளும் 90 ஆகிறது. கைக்கு ஆள் இருக்கிற வீட்டுக்குச் சரி.

வீட்டுக்குச் சம்பளம்

பத்தில் ஒரு பங்கு எடுத்து வைப்பதைப் பற்றி அந்தச் சகோதரி கேட்டார் அல்லவா, நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். தை, மாசியில் கைக்கு வரும் பணத்தில் கடன் போக மிச்சத்தை மனைவி பெயரில் உள்ள கணக்கில் போட்டுவிடுகிறோம். மாதம் ஒன்றாம் தேதி அவள் 8,500 எடுப்பாள். அதுதான் வீட்டுக்குச் சம்பளம். மளிகை ரொக்கத்தில். பால் பணம் மாட்டுத் தீவனத்துக்கும் பிள்ளைகள் பஸ், நோட்டுக்கும். எனக்கு ஒரு நாளைக்கு 15 ரூபாய். முதல் மாதம் இதற்காக வீட்டில் சண்டை நடந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 15 ரூபாயில் ஒரு டீ வரும். கூட வருகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்க முடியாது. அது ஒரு கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. இப்போது வீட்டில் பால் இருக்கிறது, வருகிறவர்களை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறேன்.

ஏனென்றால் அரை லிட்டர் பால் மறுபடி வீட்டில் நிற்கிறது. முட்டை வீட்டுக்குத்தான், விற்பதில்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி இலவசம். அதை ஒரு மாதம்கூட விடுவதில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் முருங்கை, அகத்தி, தண்டங்கீரை. கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது என்று சுகாதார நிலையத்தில் சொன்னதையும் பின்பற்றுகிறோம். ராத்திரியில் ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறோம். இது மகள் போட்ட சட்டம். யார் தட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஆடியில் ரத்தம் பார்த்தபோது 11.4 இருந்தது.

2023 செப்டம்பரிலிருந்து வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கு நோட்டில் தனிப் பக்கம். அதன் தலைப்பில் ‘அம்மா பணம்’ என்று மகள் எழுதியிருக்கிறாள். அதிலிருந்து கடன் கேட்க எனக்கு அனுமதி இல்லை. அதில்தான் வருஷத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் இருவருக்கும் கட்டுகிறாள். ரெண்டுக்கும் ஆளுக்கு 2 லட்சம். பணம் கணக்கிலிருந்து தானாகப் போகிறது, மே மாதக் கடைசியில் கணக்கில் இருப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மக்காச்சோளத்துக்குப் பயிர்க் காப்பீடும் நாங்கள் விடுவதில்லை. படைப்புழு வந்த வருஷங்களைப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

மொய்யில் மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வருஷத்துக்குப் பதினெட்டு விசேஷம், ஆளுக்கு 500 என்றால் 9,000. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே வைத்து, அதைத் தொழில் முதலாகச் சுற்றுகிறார்கள். நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்துக்குத்தான். அது திரும்பி வரும் பணம்தான், ஆனால் நமக்கு வேண்டிய நாளில் வராது. மொய் நோட்டைப் பார்த்து, நமக்குச் செய்ததை அப்படியே திருப்பிச் செய்கிறோம், கூடச் செய்வதில்லை. இதற்கே அம்மாவுக்கு என் மேல் வருத்தம்.

மகள் இப்போது பிளஸ் டூ. அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இன்ஜினீயரிங் கிடைத்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் கட்டணம் அரசு கட்டும். ஆனால் முதல் மாதம் விடுதி, துணிமணி, பஸ் என்று கையில் ஒரு 25,000 வேண்டும். அது ஜூனில் வேண்டும். எங்களுக்குப் பணம் வருவது தையில். அந்தப் பணம் இப்போது பட்டறையில் 2,400 கிலோவாக இருக்கிறது. நேற்று மண்டியிலிருந்து போன் வந்தது, 34 என்றார்கள். நான் கொடுத்துவிடலாம் என்கிறேன். மனைவி, “ஆயிரம் கிலோ மட்டும் போடுங்க, அவ காசை எடுத்து வெச்சுட்டு மிச்சத்துக்குப் பாக்கலாம்” என்கிறாள். நாளைக்கு ஆயிரம் கிலோ சிப்பம் பிடிக்கிறோம்.

அஞ்சலட்டை ஓரத்தில் இருந்த ரெண்டாவது கேள்வி: ‘எங்கள் வீட்டில் பணம் மாமியார் கையில். அவருக்கு எழுதத் தெரியாது. எனக்கும் நாலாவதுதான். நோட்டு எப்படிப் போடுவது?’

என் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடத்தான் தெரியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது பால்காரரிடம் ஊற்றும் பாலுக்கு அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போடும். ஒரு படிக்கு நெட்டுக்கோடு, அரைப்படிக்குப் பாதிக்கோடு, பணம் வந்தால் குறுக்கே ஒரு கோடு. ஒரு பொங்கலுக்கு அப்பா சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துவிட்டார். அந்தச் சுவரை மட்டும் அடிக்கக் கூடாது என்று அம்மா சட்டியைப் பிடித்துக்கொண்டது. பால்காரர் பதினோரு கோட்டுக்குப் பாக்கி வைத்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று அவரை வீட்டுக்கே கூப்பிட்டு, சுவரைக் காட்டி, பணத்தை வாங்கிய பிறகுதான் அந்தச் சுவர் வெள்ளையானது.